1991 ஹைலக்ஸ் கப் வாகனத்தை வீட்டு வளவில் திருத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கிளிநொச்சி மாவட்டத்தில் நெல்லும் மரக்கறியும் செய்கிற ஒரு கமக்காரரின் வாகனம் இது. 1991ஆம் ஆண்டு ரொயோட்டா ஹைலக்ஸ், டபுள் கப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் பாரம் ஏற்றும் தட்டும் உள்ளது), நான்கு சில்லும் இழுக்கும் எல்என்106 வகை. எஞ்சின் 3எல் எனப்படும் 2,779 சிசி டீசல். ரேபோ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) கிடையாது, கணினி கிடையாது. ஒரு மல்ரிமீற்றரும் நல்ல ஸ்பனர் செற்றும் இருந்தால் அதன் பெரும்பாலான வேலையை வீட்டிலேயே செய்யலாம் என்பது இந்த வகை வாகனங்களின் பெரிய வரம்.

2016இல் மன்னார்ப் பக்கத்து மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து வாங்கியது. மீன் ஏற்றிய வாகனம் என்பதை மறக்கக் கூடாது. ஐஸ் பெட்டிகளில் இருந்து வடிந்த உப்புத் தண்ணீர் பல வருடமாகப் பின் சேசியிலும் (வாகனத்தின் அடிச்சட்டம்) பிரேக் குழாய்களிலும் ஒழுகியிருக்கிறது. வாங்கும்போது எஞ்சின் சத்தத்தை ஆளாளுக்குக் கேட்டார்கள். அடியில் படுத்துப் பார்க்க ஒருவரும் மினக்கெடவில்லை.

2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு பாவித்த கப் வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், வேறொன்று வாங்கும் பேச்சுக்கே இடமில்லாமல் போனது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கியூஆர் முறையில் கிடைத்த பங்கு உழவு இயந்திரத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் போக, ஹைலக்ஸ் மாதக்கணக்கில் தகரக் கொட்டிலுக்குள் நின்றது. இடைக்கிடை ஓட்டியபோது டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியிருக்கிறார்கள். அந்த நேரம் பலர் செய்ததுதான். ஆனால் இந்த எஞ்சினின் பம்புக்குத் தனி ஒயில் இல்லை, உள்ளே ஓடும் டீசல்தான் அதற்கு மசகு. மண்ணெண்ணெய் அந்த வேலையைச் செய்யாது.

2023இல் மீண்டும் ஒழுங்காக ஓட்ட வேண்டிய தேவை வந்தது. புகைப் பரிசோதனையில் தேறாததால் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியவில்லை. அவருடைய சகோதரியின் மகன் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் பொறிமுறை படித்து முடித்திருந்தார். கராஜ் ஒன்றில் முழு வேலைக்கும் கேட்ட தொகையைக் கேட்ட பிறகு, முடிந்ததை வீட்டில் செய்வது என்று மாமாவும் மருமகனும் தீர்மானித்தார்கள். நான் அயலில் இருப்பவன். கை உதவிக்கும், குறிப்பு எழுதவும், படம் எடுக்கவும் போனேன்.

முதலில் கண்டவை

மாமாவின் முறைப்பாடு நீளமானது: காலையில் எஞ்சின் பிடிக்க நேரம் எடுக்கிறது, பிடித்தாலும் வெள்ளைப் புகை, பாரம் ஏற்றினால் கறுப்புப் புகை, ஏ9 வீதியில் வேகமாகப் போனால் வெப்பமானி மேலே ஏறுகிறது. எல்லாம் எஞ்சினைப் பற்றியதே. மருமகன் எஞ்சின் மூடியைத் திறக்காமல், ஒரு சிறிய சுத்தியலோடு வாகனத்தின் அடியில் போனார்.

பின் சேசியில் தட்டிக்கொண்டு போனபோது நல்ல இடங்களில் கணீரென்ற சத்தம் வந்தது. பின் ஸ்பிரிங்கின் முன் கொழுவிக்குக் கிட்டப் போனதும் சத்தம் மந்தமானது. கறள் செதில் செதிலாக உதிர்ந்தது. ஓரிடத்தில் திருப்புளியின் முனை உள்ளே போய்விட்டது. பின் அச்சுக்குப் போகும் பிரேக் குழாய் முழுக்கக் கறள். பின் சில்லு சிலிண்டர்கள் இரண்டும் கசிந்து, பிரேக் சப்பாத்துகள் நனைந்திருந்தன. முன் பிரேக்கின் கலிப்பர்கள் ஒவ்வொன்றிலும் உள்ள நான்கு பிஸ்டன்களில் பாதிக்கு மேல் இறுகி நின்றன. நின்ற இடத்திலேயே நிற்கும் வாகனத்துக்கு வருகிற வழக்கமான நோய் இது.

ஸ்ரியறிங்கைத் திருப்பினால் சில்லு அசைய முதல் கணிசமான வெறும் ஆட்டம் இருந்தது. முன் அச்சின் இரு முனைகளிலும் சில்லு திரும்புவதற்காக உள்ள நக்கிள் உருண்டைகள் இரண்டிலும் கறுப்பாக, கிறீஸுமில்லை ஒயிலுமில்லை என்ற மாதிரி ஒரு கூழ் ஒழுகியது. உள் சீல் போனால் டிபரன்சியல் ஒயில் வெளியே வந்து நக்கிள் கிறீஸோடு கலந்துவிடும். இந்த வகை முன் அச்சு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கூழ் நன்றாகவே தெரியும்.

பிறகுதான் எஞ்சின். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை றேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் தேர்மோஸ்ரற்றே இல்லை, யாரோ ஒரு காலத்தில் கழற்றி எறிந்திருக்கிறார்கள். றேடியேற்றரில் கிணற்றுத் தண்ணீர் மட்டும். குளிர்ந்த எஞ்சின் பிடிக்கச் சூடு கொடுக்கும் நான்கு ஹீற்றர் பிளக்குகளில் இரண்டில் மின் தொடர்பே இல்லை. ரைமிங் பெல்ட் மூடியைக் கழற்றியபோது பெல்ட் ஒயிலில் ஊறியிருந்தது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும். அதனால்தான் 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை டாஷ்போர்டில் ஒரு எச்சரிக்கை லைற் எரியும்படி செய்திருக்கிறார்கள். இந்த வாகனத்தில் அந்த லைற்றின் பல்ப் கழற்றப்பட்டிருந்தது. எச்சரிக்கையை நிறுத்த அதைவிட மலிவான வழி இல்லைதான்.

எடுத்த தீர்மானங்கள்

மாமாவின் மனதில் வேறொரு பட்டியல் இருந்தது. பழைய ரேபோ ஒன்று குறைந்த விலையில் வருகிறது, அதைப் பூட்டலாம். பெரிய ரயர் போடலாம். பின்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூட்டி உயர்த்தலாம். எல்ஈடி லைற் போடலாம். மருமகன் சொன்னது ஒன்றே ஒன்று: “மாமா, முதல்ல நிக்கிறதைப் பாப்பம். ஓடுறதைப் பிறகு பாப்பம்.”

ரேபோ உடனேயே கைவிடப்பட்டது. இந்த எஞ்சின் ரேபோ இல்லாமல் ஓட வடிவமைத்தது. சூடு தாங்குவதுதான் அதன் பலவீனம், சூடேறினால் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் வெடிப்பு விழும். குளிர்விக்கும் தொகுதி சரியாக இல்லாத வாகனத்தில் கூடுதல் காற்றையும் டீசலையும் திணிப்பது பணத்தை எரிப்பதற்குச் சமன். பெரிய ரயரையும் விட்டார்கள். வேகமானி பிழையாகக் காட்டும், ஏற்கெனவே தேய்ந்த ஸ்ரியறிங் இணைப்புகளுக்கு இன்னும் பாரம் கூடும், பிரேக்குக்கும் வேலை கூடும். பழைய 205ஆர்16 அளவே தொடரட்டும் என்றார்கள்.

ஸ்பிரிங் பட்டை விடயத்தில் மாமா விட்டுக்கொடுக்கவில்லை. நெல் மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து, ரப்பர் தடுப்பில் இடிக்கிறது என்பது உண்மையான குறை. அதனால் பக்கத்துக்கு ஒரு பட்டை கூட்டுவது என்று முடிவானது. இந்தத் தீர்மானம்தான் பின்னர் பேச வேண்டிய விடயமாக மாறியது.

சேசியை வெல்டிங் செய்து ஒட்டும் வேலையை வீட்டில் செய்வதில்லை என்றும் தீர்மானித்தார்கள். வீட்டில் ஒரு சிறிய வெல்டிங் இயந்திரம் இருந்தது, கேற்றும் கூரையும் அதனால் ஒட்டியவைதான். ஆனால் ஸ்பிரிங் கொழுவிக்கு அருகில் சேசியை ஒட்டுவது வேறு வேலை. ஒட்டு ஒரே நேர்கோட்டில் சேசியைக் குறுக்கே வெட்டினால், அந்தக் கோட்டிலேயே பிற்காலத்தில் வெடிப்பு வரும். லொறிச் சேசி ஒட்டிப் பழகிய ஒருவரிடம் கொடுத்தார்கள்.

வேலை நடந்த விதம்

இடம் முதலில் சரி செய்யப்பட்டது. கொட்டிலின் மண் தரையில் ஜக் புதையும் என்பதால், ஒரு பக்கம் சீமெந்து போட்டு மட்டமாக்கினார்கள். ஜக் ஸ்ராண்ட் நான்கு வாங்கினார்கள். அதற்கும் மேலே, கழற்றிய சில்லுகளையும் பனங்குற்றிகளையும் சேசிக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் யாரும் உள்ளே போவது. சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்கும் பழக்கம் எங்கள் பக்கம் நிறைய உண்டு. அது பாரத்தில் மெதுவாக அமராது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

பிரேக்கில் தொடங்கினார்கள். கலிப்பர் பிஸ்டன்கள் கழற்றித் துப்புரவாக்கப்பட்டன. கறள் குழி விழுந்தவை மாற்றப்பட்டன. பின் சிலிண்டர்கள் புதிது. குழாய்கள் முழுவதும் புதிதாக வளைத்துப் போடப்பட்டன. குழாய் முனைகளை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவியை மருமகன் பயிற்சி நிலையத்து நண்பரிடம் கடன் வாங்கினார். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் இணைப்பைப் போட்டு இரு துண்டை இணைக்கலாம் என்று கடையில் ஒருவர் சொன்னது ஏற்கப்படவில்லை. டொட் 3 பிரேக் ஒயில் ஊற்றி, நான்கு சில்லிலும், பின் அச்சுக்கு மேலே சேசியில் இருக்கும் பார வால்விலும் குழாய்க்குள் அடைபட்ட காற்றை வெளியே எடுத்தார்கள். அந்த வால்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் முன் அச்சு. எல்லா வேலையிலும் ஊத்தை வேலை இதுதான். இரண்டு பக்கமும் ஹப் கழற்றி, நக்கிள் கழற்றி, அந்தக் கறுப்புக் கூழை மண்ணெண்ணெயில் கழுவியதில் ஒரு கிழமையின் பின்னேரங்கள் போயின. மண்ணெண்ணெய் கடைசியில் தனக்குரிய வேலைக்கு வந்து சேர்ந்தது. உள் சீல், வெளி ரப்பர், கம்பளிச் சீல், நக்கிள் பெயாரிங் எல்லாம் ஒரே செற்றாகக் கிடைக்கின்றன. பெயாரிங் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை, நக்கிளைத் திருப்ப எத்தனை கிலோ இழுவை வேண்டியிருக்கிறது என்று அளந்து பார்ப்பார்கள். அதற்கென்று விற்கும் கருவிக்குப் பதிலாக, மரக்கறி நிறுக்கும் தொங்கு தராசைக் கொழுவி இழுத்தார்கள். சரியாக வேலை செய்தது. ஸ்ரியறிங் இணைப்புத் தண்டின் முனைகளும் மாற்றப்பட்டன. வெறும் ஆட்டம் பெருமளவு குறைந்தது.

இந்தக் கட்டத்தில் வாகனம் சேசி ஒட்டுக்குப் போனது. அங்கேதான் வேலைகளைச் செய்த ஒழுங்கில் இருந்த பிழை தெரியவந்தது. ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தால் போகும் புதிய பிரேக் குழாயை முழுவதும் கழற்ற வேண்டியிருந்தது. சூடு படும் என்பதால் வேறு வழி இல்லை. திரும்ப வந்து, திரும்பப் பூட்டி, திரும்பக் காற்று எடுத்தார்கள். பற்றரியையும் ஓல்ரனேற்றரையும் ஒட்டுக்கு முன்னமே கழற்றிவிட்டது நல்லதாயிற்று. ஒட்டிய இடத்துக்குத் துத்தநாகப் பூச்சு, அதற்கு மேல் சேசி நிறம். பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறும் வழக்கத்தை மாமா விரும்பினார். அந்த ஒயில் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும் என்பதால் அதைத் தவிர்த்தார்கள்.

எஞ்சின் வேலை, பயந்த அளவுக்கு இல்லை. றேடியேற்றரை நகரத்தில் கொடுத்துத் திறந்து குழாய்களைக் கம்பி விட்டு எடுத்தார்கள். கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைப் படிவு பாதிக் குழாய்களை அடைத்திருந்தது. எங்கள் பக்கக் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். ஏ9இல் வெப்பமானி ஏறியதற்குக் காரணம் இதுவே. ஆரம்பத்தில் யாரோ அதே பிரச்சினைக்காகத் தேர்மோஸ்ரற்றைக் கழற்றியிருக்க வேண்டும். அது இல்லாததால் எஞ்சின் காலையில் நெடுநேரம் குளிராகவே ஓடியது. குளிர்ந்த டீசல் எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரியாது, வெள்ளைப் புகையாக வெளியே வரும். புதிய தேர்மோஸ்ரற், கூலன்ட், நான்கு ஹீற்றர் பிளக், ரைமிங் பெல்ட், அதன் இழுவிசை பெயாரிங், முன் சீல்கள் போடப்பட்டன. பெல்ட் மாற்றிய திகதியும் கிலோமீற்றரும் எஞ்சின் மூடியின் உட்பக்கம் நிறத்தால் எழுதப்பட்டன. எச்சரிக்கை லைற்றுக்குப் புதிய பல்பும் போட்டார்கள்.

சிலிண்டருக்குள் டீசலை விசிறும் இன்ஜெக்டர்களைக் கழற்றி டீசல் பம்ப் திருத்தும் இடத்தில் அழுத்தம் பார்த்தபோது நான்கும் நான்கு விதமாக இருந்தன. நொசில்கள் மாற்றப்பட்டன. பம்பைத் திறக்கச் செலவு அதிகம் என்பதால், கசிவு இல்லாதவரை தொடுவதில்லை என்று விட்டார்கள். மண்ணெண்ணெய் அதற்கு எவ்வளவு கேடு செய்தது என்பது திறந்தால்தான் தெரியும்.

மேம்படுத்தலில் மிகவும் பயன் தந்தது லைற் வேலை. பல்புக்கு எல்ஈடி போடாமல், அதற்கு வரும் மின்னை முதலில் அளந்தார்கள். எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.8 வோல்ற், பல்பின் முனையில் 11.2. முப்பது வருடப் பழைய வயரும் சுவிற்சும் மீதியைத் தின்றன. தனி ரிலே வைத்து, பற்றரியிலிருந்து தடித்த வயரில் பியூஸோடு மின் கொடுத்ததும் அதே ஹலஜன் பல்புகள் வேறு மாதிரி எரிந்தன. இந்தக் கால ஹைலக்ஸில் முன் லைற் சுவிற்ச் எர்த் பக்கத்தைத்தான் துண்டிக்கும், பொசிற்றிவ் எப்போதும் பல்பில் இருக்கும். இது தெரியாமல் வேலை செய்பவர்கள் பியூஸ் எரித்துக்கொண்டே இருப்பார்கள்.

பின்னர் நடந்தவை

புகைப் பரிசோதனையில் தேறியது, பத்திரம் கிடைத்தது. காலையில் உடனே பிடிக்கிறது. வெப்பமானி பாரத்தோடும் நடுவுக்கு மேல் போவதில்லை. லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றர் அளவில் ஓடியது பத்தை நெருங்கியது. பின்பக்கம் வெறுமையாக இருக்கும்போது முன்னையதைவிட நான்கு சென்ரிமீற்றர் உயர்ந்து நின்றது. மாமாவுக்கு அந்த நிற்கை பிடித்திருந்தது.

பெரும்போக அறுவடையில் அரைத் தொன்னுக்கு மேல் நெல் மூட்டையோடு வரும்போது மாடு ஒன்று வீதிக்குக் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தது. முன் மூக்குத் தாழ்ந்து, முன் சில்லு இறுகிச் சத்தம் போட்டு, நினைத்ததைவிடத் தூரம் போய் வாகனம் நின்றது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. பிரேக் பாரமாக இருக்கிறது, காற்று இருக்குமோ என்று மாமா கேட்டார். காற்று இல்லை. சில்லுகளைக் கழற்றினால், முன் பிரேக் பாட்கள் சில மாதங்களிலேயே பாதி தேய்ந்திருந்தன. பின் சப்பாத்துகள் பூட்டிய அன்று போலவே இருந்தன.

காரணம் பார வால்வு. இந்த வாகனத்தில் சேசியில் ஒரு வால்வும், அதிலிருந்து பின் அச்சுக்கு ஒரு நீண்ட கம்பியும் உண்டு. பாரம் ஏறச் சேசி தாழும், கம்பி வால்வை நெம்பும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். வெறுமையாக இருக்கும்போது சேசி உயர்ந்து நிற்பதால் பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும். பின் சில்லு இறுகி வாகனம் சுழன்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அந்த வால்வுக்குப் பாரம் என்றால் சேசிக்கும் அச்சுக்கும் இடையில் உள்ள தூரம்தான். பட்டை கூட்டியதும் தூரம் கூடியது, அரைத் தொன் ஏறியபோதும் முன்போலத் தாழவில்லை. ஆகவே மூட்டைகளோடு வந்த வாகனத்தை வால்வு வெறும் வாகனம் என்றே கணித்துக்கொண்டிருந்தது.

ஒரு கராஜில் சொன்ன தீர்வு, வால்வை எடுத்துவிட்டு நேரே குழாயை இணைப்பது. பரவலாகச் செய்கிறார்கள். மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. பாரத்தோடு நன்றாகப் பிடிக்கும்தான், ஆனால் மழை நாளில் வெறும் வாகனத்தில் பின் சில்லுதான் முதலில் இறுகும். அதற்குப் பதிலாக, அச்சில் கம்பி பூட்டும் தாங்கியை, ஸ்பிரிங் உயர்ந்த அதே நான்கு சென்ரிமீற்றர் உயர்த்தி ஒரு தகட்டுத் துண்டு செய்து பூட்டினார். பிறகு அழுத்தமானி உள்ள ஓர் இடத்துக்குக் கொண்டுபோய், பாரத்தோடும் பாரமில்லாமலும் முன், பின் அழுத்தங்களை அளந்து, கம்பியின் முனையிலுள்ள திருகால் நுணுக்கமாகச் சரிசெய்தார்கள். அடுத்த அறுவடைக்குப் பிறகு கழற்றிப் பார்த்தபோது பின் சப்பாத்துகளும் தேயத் தொடங்கியிருந்தன.

இப்போது செய்தால் மாற்றுபவை

சேசி ஒட்டு எல்லாவற்றுக்கும் முன்னால் போகும். சுத்தியல் பரிசோதனை முதல் நாளே முடிந்துவிட்டது. ஒட்டு வேண்டும் என்று தெரிந்தும் பிரேக் குழாயை முதலில் பூட்டியதற்கு, கையில் சாமான் வந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணமில்லை.

பட்டை கூட்டுவது இனியும் சரி என்றே மாமா நினைக்கிறார். என் கருத்து கொஞ்சம் வேறு. ஏற்றும் பாரத்தில் பாதி, வருடத்தில் இரண்டு அறுவடைக் காலங்களில் மட்டுமே. மீதி மாதங்களில் வெறும் வாகனம் துள்ளுகிறது, பின்னால் இருப்பவர்கள் முதுகைப் பிடிக்கிறார்கள். தேய்ந்த பழைய பட்டைகளை மாற்றியிருந்தாலே போதுமாக இருந்திருக்கும். பட்டை கூட்டத்தான் வேண்டுமென்றால், பார வால்வின் தாங்கியும் அதே நாளில் உயர வேண்டும். அழுத்தம் அளக்காமல் மூட்டை ஏற்றக் கூடாது.

சாமான் வாங்கியதில் ஒரு மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. மலிவாக வாங்கிய பின் சிலிண்டர் ஒன்று ஒரு வருடத்துக்குள் கசிந்தது. இப்போது பிரேக், ஸ்ரியறிங் சாமான்களுக்கு மட்டும் அசல் சாமான், மற்றவற்றுக்குக் கிடைப்பது என்று பிரித்துக்கொண்டார்கள்.

2025 தொடக்கத்தில் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டதும் மாமா புதிய கப் வாகனங்களின் விலையை விசாரித்தார். வரியோடு சேர்த்துக் கேட்ட தொகைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எஞ்சினின் பின் சீல் இப்போது மெல்லக் கசிகிறது. கிளட்ச் தட்டும் தேய்ந்து வருவதால், கியர் பெட்டியை ஒரே தடவையில் இறக்கி இரண்டையும் மாற்றுவது என்று சிறுபோகம் முடியும்வரை ஒத்திவைத்திருக்கிறார்கள்.